கிட்டார் தலையில் நான் மாற்றிய எழுத்து

ஸ்டிக்கர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். வளைவான இடத்தில் குமிழி வராமல் எப்படி ஒட்டுவது? இதைச் சொல்ல செல்போனில் நூறு வீடியோ இருக்கிறது. உப்புக்காற்றில் எந்தப் பசை நிற்கும் என்பதைப் பசை விற்கிற கடைக்காரனே சொல்லிவிடுவான். எழுத்தை மெஷின் வெட்டிவிடும். எதை வெட்டிக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் எந்த மெஷினும் சொல்லாது. அதை நான் கற்றுக்கொண்டபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, தாடியில் பாதி நரைத்திருந்தது. உங்களுக்காவது கொஞ்சம் முன்னாலேயே வரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பழவேற்காடு பஜாரில் என் கடை. படகுகளுக்கு நம்பரும் பெயரும், பைக்குக்கு ரேடியம், கல்யாண காருக்கு மாப்பிள்ளை பெண் பெயர், மீன் பெட்டிக்கு முதலாளி பெயர் என்று எல்லாம் செய்வேன். இதோடு கிட்டாரும் வரும். கடலோரக் குப்பங்களில் சர்ச் இருக்கிறது, சர்ச்சில் பாட்டு இருக்கிறது, பாட்டு இருந்தால் கிட்டார் இருக்காதா?

அந்த கிட்டார்களின் பெயர்கள் ஒரு தனி வேடிக்கை. சென்னையிலிருந்து வரும் மலிவு கிட்டாரின் தலையில், உலகத்துக்கே தெரிந்த கம்பெனியின் பெயர் போலவே ஒன்று இருக்கும். உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து எழுத்து இரண்டும் இடம் மாறி நிற்கும். அது தெரிந்தே செய்த வேலை. நம் ஆட்கள் தெரியாமல் செய்வது வேறு கதை. கிட்டார் பையில் பெயர் ஒட்டச் சொல்லி வருவார்கள். காதில் விழுந்தபடி சிகரெட் அட்டையில் எழுதியிருப்பார்கள், உள்ளங்கையில் எழுதியிருப்பார்கள், ஒருவர் தெர்மாகோல் மூடியையே உடைத்து அதில் எழுதிக்கொண்டு வந்தார். நான் கடைச் சுவரில் இந்தப் பெயர்களை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். ஒரே கம்பெனிக்குப் பதினோரு பெயர் சேர்ந்தது. அந்தக் கம்பெனிகள் எவை என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, திருத்திவிடுவேன். தேசப்பன் என்று ஒரு மீனவர், பாட்டுப் பைத்தியம், தன் ஃபைபர் படகுக்கே ஒரு கிட்டார் கம்பெனியின் பெயரை வைத்தார். கொண்டுவந்த சீட்டில் ஓர் எழுத்து தப்பு. நான் மேதாவி அல்லவா, சரியாக எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவருடைய படகுப் புத்தகத்தில் தப்பாகவே பதிவாகியிருந்தது எனக்குத் தெரியாது. கடலில் சோதனைக்கு வந்தவர்கள் புத்தகத்தையும் படகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உன் படகுதானா?" என்று அரை நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிடித்த மீன் வெயிலில் நாறிப்போனது. கரைக்கு வந்ததும் நேராக என் கடைக்குத்தான் வந்தார்.

"இன்னா பாய், எம் படகுக்கு பேர் வைக்க நீ யாரு? சீட்டுல இன்னா கீதோ அத ஒட்டு. ஒட்டிட்டு உன் வேலயப் பாரு!"

அவர் சொன்னது நியாயம். படகு அவருடையது, பெயரும் அவருடையது. சீட்டில் இருப்பதை ஒட்டு, கேள்வி கேட்காதே என்று அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பத்துப் பதினைந்து வருஷம் அந்தச் சட்டம் என்னைக் காப்பாற்றியது. பிறகு அதுவே என்னைக் கவிழ்த்தது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் அருள் என்று ஒருவன். அப்போது முப்பது வயதிருக்கும். சொந்தப் படகு, பொண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். நல்ல கை அவனுக்கு. வலை இழுத்துக் காய்த்த விரலுக்குக் கம்பி வலிக்காது என்று சிரிப்பான். ஒருநாள் மத்தியானம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். முகம் சரியில்லை. சென்னையில் ஒரு பாட்டு விழாவுக்குக் குப்பத்திலிருந்து போயிருக்கிறார்கள். அங்கே இன்னொரு குழுவில் வாசிக்க வந்தவன் இவன் கிட்டாரின் தலையைப் பிடித்துத் திருப்பி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, நாலு பேருக்குக் காட்டிச் சிரித்திருக்கிறான்.

"எல்லாம் சரியாத்தான் வாசிச்சேன் பாய். ஆனா அவன் சிரிச்சதுதான் காதுல கீது. இந்த ஒரு எழுத்த மட்டும் மாத்திக் குடுங்க பாய்."

எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டமும் கையில் இருந்தது: கேட்டதை ஒட்டு. நடுவில் இருந்த தப்பு எழுத்தின் மேல் கறுப்பு ஷீட்டில் ஒரு சின்னத் துண்டு, அதன் மேல் தங்க நிறத்தில் சரியான எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய வார்னிஷ். வெட்டிய விளிம்பு கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. போட்டோ எடுத்து என் செல்போனில் பத்திரமாக வைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன நஷ்டம், ஒரு பிள்ளையின் வெட்கம் போனது என்றுதான் நினைத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து, முகத்துவாரத்தில் மண் மேடிட்டிருந்த சமயம், அருளின் படகு அலையில் குப்புறக் கவிழ்ந்தது. அல்லாவின் கருணை, நாலு பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். படகையும் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். எஞ்சின் மட்டும் போனது. எஞ்சின் இல்லாத படகு மணலில் கிடக்கும் கட்டைதான். இருபது நாள் அப்படித்தான் கிடந்தது. அருளின் பொண்டாட்டி அடுத்தவர்களுக்கு மீன் காயவைக்கக் கூலிக்குப் போனாள்.

அதே குப்பத்தில் ஏழுமலை என்று என் வயதுக்காரர் ஒருவர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார். படகை விற்றுவிட்டார், நல்ல எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அவருடைய மகள் சுமதி பொன்னேரியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கிட்டார் என்றால் அவளுக்கு உயிர். அருளின் கிட்டார் மேல் அவளுக்கு ஒரு கண். அந்தக் கம்பெனி கிட்டார் அசலாக இருந்தால் இரண்டு எஞ்சின் விலை பெறும் என்று யாரோ ஏழுமலையின் காதில் ஓதியிருக்கிறார்கள். எஞ்சினைக் கொடுத்துக் கிட்டாரை வாங்கிக்கொள்வது என்று பேச்சானது.

கொடுக்கும் முன்னால் ஏழுமலை என் கடைக்கு வந்தார். கிட்டாரைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பின்னால் அருள்.

"பாய், எனக்கு இங்கிலீஷும் தெரியாது, பாட்டும் தெரியாது. நீ எழுத்து தெரிஞ்ச ஆளு. பாத்து சொல்லு. இது அசல்தானா?"

அருள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. "இல்லை" என்று நான் சொன்னால் அவன் படகு மணலிலேயே கிடக்கும். "ஆமாம்" என்றால் பச்சைப் பொய். கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். என் வேலையை நானே பார்த்தேன்.

"எழுத்தெல்லாம் சரியா இருக்குது ஏழுமலை" என்றேன்.

சொன்ன வார்த்தையில் பொய் இல்லை. ஆனால் என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னது கிடையாது. அருள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் படகோ எஞ்சினோ கைமாறினால், ஆண்கள் வலை பின்னும் கொட்டகைக்குப் போய், நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்கள். பத்திரம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே ஏழுமலை என்ன சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். "பாய் பாத்துட்டாரு." அவ்வளவுதான். எஞ்சின் அருளின் படகில் ஏறியது. மறுநாளே அவன் கடலுக்குப் போனான். நாம் செய்தது நல்லதுக்குத்தான் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் போனது. ஏழுமலை ஒருநாள் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தார். அவருடைய காண்ட்ராக்ட் வேலை முடிந்துவிட்டது. பழையபடி கடலுக்கே போகப்போகிறார்.

"படகு ஒண்ணு கம்மி வெலைக்கு வருது பாய். எஞ்சினுக்குத்தான் வழி பண்ணணும். கிட்டார குடுத்துட்டா ரெண்டு எஞ்சினே வாங்கலாம்ல? பாப்பாவே, 'குடுத்துடு நைனா, அப்புறமா பாத்துக்கலாம்'னு சொல்லிடுச்சு. மெட்ராஸ்ல ஒருத்தன் வாங்கிக்கிறேன்னு கீறான். திங்கக்கெழம போறேன். நீ ஒரு சீட்டு எழுதிக் குடு. 'நான் பாத்தேன், அசல்தான்'னு. கீழ கடை சீல் போட்டுடு."

மணலில் கிடந்த ஒரு படகைக் கிளப்பிவிட்டு, இன்னொரு மனிதனைக் கரையில் உட்கார வைத்திருக்கிறேன். சென்னையில் போய் நின்றால் போலியை விற்க வந்தவன் என்று அவரைத்தான் பிடிப்பார்கள். அதற்கு என் சீல் வேறு.

"சீல் மை காஞ்சி போச்சு ஏழுமலை. நாளைக்கு வா" என்றேன். அடுத்த பொய்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சீல் மை காஞ்சதுக்கா சோறு எறங்கல?" என்றாள். கடைக்குப் பின்னால்தான் வீடு, பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு அருள் பொழப்பப் பாத்தீங்க. சரி. ஏழுமலை அண்ணன் பொழப்ப யாரு பாக்கறது? நாக்கால கட்டினத நாக்காலதான் அவுக்கணும். அந்தப் பேச்சு எந்தக் கொட்டகையில ஏறிச்சோ அங்கயே போயி அவுத்துட்டு வாங்க."

மறுநாள் காலையில் முதலில் அருளிடம் போனேன். அவனுக்குத் தெரியாமல் கொட்டகையில் நாலு பேர் முன்னால் போட்டு உடைப்பது முறையில்லை. கடலிலிருந்து திரும்பி, படகருகில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அதுவரை என்னை "நீங்க" என்று சொன்னவன் மாறிவிட்டான்.

"சொல்லு. நல்லா சொல்லு. சொல்லிட்டு இந்த எஞ்சின நீயே கழட்டித் தூக்கிக்கினு போ. நானா பாய் எழுத்த மாத்தினேன்? உன் கைதான மாத்துச்சு?"

"என் கைதான். அதத்தான் சொல்லப்போறேன். உன் பேர இழுக்க மாட்டேன்."

இன்னும் இரண்டு நண்டைப் பிரித்தான். பிறகு கையைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு எழுந்தான். "நீ சொன்னப்ப நானும் அங்கதான வாய மூடிக்கினு நின்னேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தான். அவன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வலைக் கொட்டகையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். ஏழுமலையும் இருந்தார். கிட்டாரைக் கொண்டுவரச் சொன்னேன். சுமதியே எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி பேர் சீல் போட்ட சீட்டைக் கொடுக்கத்தான் பாய் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் பையிலிருந்து பிளேடை எடுத்து, கிட்டார் தலையில் நான் ஒட்டிய எழுத்தின் விளிம்பைக் கிளப்பினேன். கறுப்புத் துண்டோடு சேர்ந்து தங்க எழுத்து உரிந்து வந்தது. அடியில் அந்தப் பழைய தப்பு எழுத்து, இத்தனை நாள் உப்புக்காற்றே படாததால், மற்ற எழுத்துகளைவிடப் பளிச்சென்று இருந்தது.

"இது நான் ஒட்டினது. இந்த கிட்டார் அசல் இல்ல. தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

அருள் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கும் தெரியும்" என்றான்.

யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஏழுமலை இரண்டும் செய்யவில்லை. உரித்த எழுத்தை என் விரலிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு நான் எழுத்தையா பாய் கேட்டேன்?"

தம்பிகளே, என்னை அப்பா திட்டியிருக்கிறார், போலீஸ்காரர் திட்டியிருக்கிறார், தேசப்பன் பஜாரே கேட்கும்படி திட்டியிருக்கிறார். அந்த ஒரு கேள்வியில் கூசியதுபோல் நான் எதிலும் கூசியதில்லை. "இல்ல. அசலான்னுதான் கேட்ட" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொள் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஏழுமலை கொட்டகைக்கு வெளியே, அருளின் படகைப் பார்த்தார். நல்ல சீசன் அது. அந்தப் படகை நம்பி நாலு குடும்பம்.

"ஓடற படகுலருந்து எஞ்சின எறக்க மாட்டேன்" என்றார். "எஞ்சின் என்னுது. படகு அவனுது. நாளையிலருந்து நானும் அதுல ஏர்றேன். ஆளுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. இன்னாடா சொல்ற?"

அருள் தலையாட்டினான். "கிட்டார் சுமதி கையிலயே இருக்கட்டும்ணா. உங்க எஞ்சின் என்கிட்ட இருக்கற வரைக்கும்" என்றான். சுமதி அங்கேயே கம்பியைத் தட்டிப் பார்த்துச் சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்தத் தலையில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

எனக்குத் தண்டனை எதுவும் போடவில்லை. அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, நான் எதை ஒட்டிக் கொடுத்தாலும் குப்பத்துக்காரர்கள் அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். சின்னப் பிள்ளையின் சைக்கிள் ஸ்டிக்கராக இருந்தாலும் அப்படித்தான். சுரண்டிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. எனக்கு முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. ஒன்றை மட்டும் புரிந்துகொண்டேன். தேசப்பன் படகின் பெயர் தேசப்பனுடையது, அதில் தப்பிருந்தாலும் திருத்த எனக்கு உரிமை இல்லை. கிட்டார் தலையில் நான் ஒட்டிய பெயர் அருளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. யாருடைய பெயர் என்று கேட்காமல் ஒட்டியதுதான் என் முதல் தப்பு. அதைக் கேட்டிருந்தால் இரண்டாவது தப்புக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டு வருஷத்தில் அருள் சொந்தமாக எஞ்சின் வாங்கினான். ஏழுமலையின் எஞ்சின் அவரிடம் போனது, கிட்டார் இவனிடம் வந்தது. நேராக என் கடைக்குக் கொண்டுவந்தான். தலையில் இருக்கும் பெயர் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, 'மாதா துணை' என்று ஒட்டச் சொன்னான். அவன் படகின் பெயர் அது.

"கிட்டாருக்கா?" என்றேன்.

"இதப் பாத்து சிரிக்கிறவன் சிரிக்கட்டும் பாய். இது எம் படகு பேரு."

ஒட்டிக் கொடுத்தேன். அவனும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.

ஏழுமலை மட்டும் சுரண்டியது கிடையாது. கடைக்கு வருவார், டீ குடிப்பார், கிண்டல் செய்வார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு எதைப் பற்றியும் என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை. அதுதான் எனக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம், கடையைக் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். எஞ்சினுக்குப் புதிதாக வாங்கிய ஏதோ ஒரு சாமான். மேசையில் வைத்தார்.

"பாய், இது அசலா, டூப்ளிகேட்டா? பாத்து சொல்லு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கிறார். பெட்டியைக் கையில் எடுத்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அச்சு சுத்தம், நிறம் சுத்தம். திரும்ப மேசையில் வைத்தேன்.

"எழுத்து சரியா இருக்குது ஏழுமலை. உள்ள இருக்கறது அசலான்னு எனக்குத் தெரியாது. எஞ்சின் மெக்கானிக்கு கிட்ட காட்டு."

அவர் பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. எதிர் டீக்கடையைப் பார்த்து இரண்டு டீ என்று விரலைக் காட்டிவிட்டு, "இப்ப சொன்ன பாரு, இது போதும்" என்றார்.